பால் பத்துதா? புது அம்மாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் தெருவிலும் சொந்தத்திலும் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் சில நாளில் எனக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்துவிடும். பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். "அக்கா, முழிச்சிருக்கீங்களா?" என்று தொடங்கி, பாலைப் பற்றியோ பிள்ளை செய்யும் ஏதோ ஒன்றைப் பற்றியோ கேள்வி இருக்கும். இரண்டு பிள்ளை பெற்றவள் என்பதால் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும், குழந்தை மருத்துவர்களும் கிராம சுகாதார செவிலியர்களும் சொல்லித் தந்த பதில்களையும், மற்ற அம்மாக்களின் அனுபவத்தையும் இங்கே சேர்த்திருக்கிறேன். குறை மாதத்தில் பிறந்த குழந்தைக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் கணக்கு வேறு. அவர்கள் தங்கள் மருத்துவர் சொல்வதையே கேட்க வேண்டும்.

பிறந்து இரண்டு நாளாச்சு, பாலே வரவில்லை. பிள்ளை பட்டினி கிடக்கிறதா?

இல்லை. முதல் சில நாள் வருவது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, சொட்டுச் சொட்டாகத்தான் இருக்கும். முதல் நாளில் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கேட்பதே ஒரு தேக்கரண்டி அளவுதான். அதற்கு இது போதும். நோய் எதிர்ப்புச் சக்தி இதில் நிறைய இருப்பதால்தான் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடச் சொல்கிறார்கள். சில வீடுகளில் இன்னும் "கெட்ட பால்" என்று பீய்ச்சிக் கொட்டுகிறார்கள். தயவுசெய்து கொட்ட விடாதீர்கள்.

வெள்ளைப் பால் இறங்க மூன்று நாள் வரை ஆகலாம். தலைப்பிரசவம், சிசேரியன், சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் ஒரு நாள் தள்ளிப் போகலாம். அதுவரை செய்ய வேண்டியது, பிள்ளையை உடம்போடு உடம்பாகப் போட்டுக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் சப்ப விடுவது.

பால் பத்துகிறதா இல்லையா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். பார்க்க வருகிறவர்கள் ஒரு நிமிஷம் பிள்ளை அழுவதைக் கேட்டுவிட்டு "பால் பத்தலை போல" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஒரு சொல் அம்மாவைப் படுத்தும் பாடு கொஞ்சமில்லை. அடுத்த நாளே பவுடர் டப்பா வீட்டுக்கு வந்துவிடும்.

மார்பு கனமாக இல்லை, பீய்ச்சினால் கொஞ்சம்தான் வருகிறது, பிள்ளை அடிக்கடி அழுகிறது, குடித்த அரை மணியில் மறுபடி கேட்கிறது. இந்த நான்கையும் வைத்துப் பால் அளவைச் சொல்லவே முடியாது. சில வாரத்தில் சுரப்பு குழந்தையின் தேவைக்கு ஏற்ப அமைந்ததும் மார்பு மெத்தென்றுதான் இருக்கும். அப்போதுதான் நிறையப் பேர் பால் வற்றிவிட்டது என்று பயப்படுகிறார்கள்.

பார்க்க வேண்டியது பிள்ளையின் துணியை. முதல் நாள் ஒரு தடவை சிறுநீர் போனால் போதும், இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று. ஐந்தாறு நாள் ஆன பிறகு 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல், வெளிர் நிறத்தில் போக வேண்டும். முதல் சில நாளில் துணியில் செங்கல் நிறக் கறை தெரியலாம். ஒரு வாரம் ஆகியும் அப்படியே இருந்தால் பால் உள்ளே போவது குறைவு என்று பொருள். மலமும் அப்படித்தான். கன்னங்கரேலென்று பிசுபிசுப்பாகத் தொடங்கி, பச்சையாக மாறி, நான்கைந்து நாளில் மஞ்சளாக, தளர்வாக வர வேண்டும். ஐந்தாம் நாளிலும் கறுப்பாகவே போனால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்தது எடை. பிறந்த எடையில் முதல் சில நாளில் ஏழு சதவீதம் வரை குறைவது இயல்பு, பத்தைத் தாண்டக் கூடாது. மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை 2.8 கிலோ ஆனதைப் பார்த்து அழ வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அதன் பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் நன்றாகவே குடிக்கிறது. ஒரே தராசில் எடை போடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நாள், தனியார் கிளினிக்கில் ஒரு நாள் போட்டுவிட்டு "குறைந்துவிட்டது" என்று பதறிய அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் தராசில் இருந்தது.

சாயங்காலம் ஆனால் மார்பை விடவே மாட்டேன் என்கிறது. ஏன்?

புதுக் குழந்தை ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை குடிக்கும். ஆனால் அதைச் சமமாகப் பிரித்துக் குடிக்காது. பகலில் இரண்டு மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு, சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து வரை விட்டு விட்டுக் குடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று வார வயதிலும், ஆறு வார வயதிலும் இரண்டொரு நாள் இது இன்னும் கூடும்.

குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும், மார்பில் தேங்க விட்டால் சுரப்பு குறையும். சாயங்காலம் "பத்தலை" என்று ஒரு பாட்டில் கொடுத்தால், அந்த ஒரு வேளைப் பாலை உடம்பு சுரக்காமல் விடும். அடுத்த நாள் உண்மையிலேயே குறைந்த மாதிரி இருக்கும். நிறைய வீடுகளில் பால் நின்று போனது இப்படித்தான். பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ராத்திரியில்தான் அதிகம் இருக்கும். அதனால் ராத்திரிப் பாலை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

அந்த நாலு மணி நேரம் அம்மா உட்கார்ந்தே இருக்க வேண்டியிருக்கும். சாப்பாட்டை ஊட்டிவிட, மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும். பாலைப் பற்றிக் கருத்துச் சொல்வதைவிட இது பெரிய உதவி.

காம்பில் புண், பால் கொடுக்கும்போது உயிர் போகிறது. எல்லோருக்கும் இப்படியா?

முதல் சில நாள் வாய் வைத்தவுடன் சில நொடி சுருக்கென்று இருக்கலாம். கொடுத்து முடிக்கும் வரை வலித்தாலோ, காம்பு வெடித்தாலோ, பிள்ளை பிடிக்கும் விதம் சரியில்லை.

பிள்ளையின் தலையை மட்டும் திருப்பாமல் உடம்பையே உங்கள் பக்கம் திருப்புங்கள், வயிறோடு வயிறு ஒட்ட. மூக்கு காம்புக்கு நேராக இருக்கட்டும். காம்பால் மேலுதட்டைத் தொட்டால் வாய் திறக்கும். கொட்டாவி விடும் அளவுக்கு அகலமாகத் திறக்கும் வரை பொறுத்திருந்து, சட்டென்று பிள்ளையை மார்புக்குக் கொண்டு வாருங்கள். மார்பைப் பிள்ளையிடம் கொண்டு போகாதீர்கள், முதுகுதான் போகும். சரியாகப் பிடித்தால் முகவாய் மார்பில் அழுந்தியிருக்கும், கீழுதடு வெளியே மடிந்திருக்கும், காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டம் மேலே கொஞ்சம் தெரியும், கீழே அவ்வளவாகத் தெரியாது. விழுங்கும் சத்தம் கேட்கும். 'டிக் டிக்' என்று நாக்குச் சத்தம் வந்தால் சுண்டுவிரலை வாயோரம் விட்டு எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

கொடுத்து முடித்ததும் ஒரு சொட்டுப் பாலைப் பீய்ச்சிக் காம்பில் தடவி, காற்றாட விடுங்கள். ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவினால் புண் ஆறாது. நிலையை மாற்றியும் வலி போகவில்லையென்றால் பிள்ளையின் நாக்குக்கு அடியில் உள்ள சவ்வை மருத்துவரிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

சிசேரியன் ஆனவர்கள் எப்படிப் படுத்துக்கொண்டு கொடுப்பது?

ஒருக்களித்துப் படுத்து, பிள்ளையையும் உங்களைப் பார்க்கப் படுக்க வைத்துக் கொடுக்கலாம். உட்கார முடிந்தால், பிள்ளையின் கால்கள் உங்கள் அக்குளுக்கு அடியில் பின்பக்கம் போகும்படி பக்கவாட்டில் தலையணை வைத்துப் பிடியுங்கள். தையலில் எடை விழாது. வழக்கமாகத் தரும் வலி மாத்திரைகளான பாராசிட்டமாலும் ஐபுபுரோஃபெனும் பாலூட்டும் அம்மாவுக்குச் சரியானவைதான். வலியைப் பொறுத்துக்கொண்டு கிடந்தால் பால் இறங்குவதுதான் தடைபடும்.

மார்பு கல்லாகிவிட்டது. மல்லிகைப்பூ கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பால் கொடுக்கப் போகிறவர்கள் கட்டாதீர்கள். மல்லிகைப்பூ பாலை வற்ற வைக்கப் பயன்பட்ட கைவைத்தியம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதைச் சோதித்து 1988இல் வெளியிட்ட ஆய்வில், மார்பில் வைத்துக் கட்டிய மல்லிகைச் சரம் பாலை நிறுத்துவதில் அப்போது கொடுக்கப்பட்ட மாத்திரைக்கு இணையாக வேலை செய்தது. குழந்தையை இழந்த அம்மாவுக்கு அது ஆறுதலான வழி. பால் கட்டிய அம்மாவுக்கு அது வேண்டியதில்லை.

பால் கட்டினால், கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வெந்நீரில் நனைத்த துணியை வைத்து, கறுப்பு வட்டம் இளகும் வரை கையால் கொஞ்சம் பீய்ச்சிவிட்டுப் பிள்ளையைப் போடுங்கள். கல் மாதிரி இருக்கும் மார்பைப் பிள்ளையால் பிடிக்க முடியாது. குடித்து முடித்ததும் குளிர்ந்த துணியை வைத்தால் வீக்கம் குறையும். அழுத்திப் பிசைய வேண்டாம். ஒரு பக்கம் சிவந்து, சூடாக, குளிர் காய்ச்சலோடு வலித்தால் மருத்துவரைப் பாருங்கள். அப்போதும் அந்த மார்பில் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது.

பத்தியம் எவ்வளவு நாள்? தண்ணீர் அதிகம் குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்குமா?

பிடிக்காது. இந்த வெயிலில் தண்ணீரைக் குறைத்தால் அம்மாவுக்கு மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும் தலைச்சுற்றலும் வரும். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் ஒரு சொம்பு தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

நம் பிரசவச் சாப்பாட்டில் நல்ல விஷயங்கள் நிறைய. பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, நல்லெண்ணெய் ஊற்றிய உளுந்தங்களி எல்லாம் அந்த உடம்புக்கு வேண்டியவைதான். அவற்றைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். எனக்கு ஒப்பாதது குறைக்கும் பத்தியம்: காய் கூடாது, பழம் கூடாது, தயிர் கூடாது, ராத்திரி இரண்டு இட்லிக்கு மேல் கூடாது. முதல் ஆறு மாதம் பால் கொடுக்கும் பெண்ணுக்கு வழக்கத்தைவிட நாளைக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. அது கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு. பசிக்குச் சாப்பிட விடுங்கள். சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்பு, கால்சியம் மாத்திரைகளையும் விடாதீர்கள்.

சேனை, தேன், உரமருந்து, கிரைப் வாட்டர் கொடுக்கலாமா?

ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான், சித்திரை வெயிலுக்கும் அது போதும். மருத்துவர் எழுதித் தரும் வைட்டமின் டி சொட்டு, தடுப்பு மருந்து இவற்றுக்கு மட்டும் விலக்கு.

தேன் ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் சிசுவின் குடலில் முளைத்து விஷத்தை உண்டாக்கி, தசைகளைத் தளர வைத்துவிடும். சீனித்தண்ணீரும் கழுதைப்பாலும் தொற்றைத்தான் கொண்டு வரும். ஊட்ட வருகிறவர் பெரியவராக இருந்தால் அந்த இடத்தில் மருமகளால் மறுக்க முடியாது. கணவரும் அம்மாவும் முன்னதாகவே பேசி வைப்பதுதான் வழி. "டாக்டர் கண்டிப்பா வேண்டாம்னு சொல்லிட்டார்" என்ற ஒரு வாக்கியம் பல வீடுகளில் சண்டையில்லாமல் வேலை செய்திருக்கிறது.

குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதுவதையும், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதையும் நிறுத்துங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். தொப்புளிலும் மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். உலர்ந்திருந்தால் ஒன்று இரண்டு வாரத்தில் தானாக விழும். எண்ணெய் தேய்த்து மெதுவாக நீவிவிடுவது நல்லது, பிள்ளைக்கும் பிடிக்கும்.

தூக்கத்தில் திடீரென்று தூக்கிவாரிப் போடுகிறது. பயந்துகொள்கிறதா?

பயமும் இல்லை, தோஷமும் இல்லை. சத்தம் கேட்டாலோ, தலை சட்டென்று கீழே போன மாதிரி உணர்ந்தாலோ இரண்டு கையையும் விரித்து, பிறகு கட்டிக்கொள்ள வருவது போல் சேர்க்கும். எர்ன்ஸ்ட் மோரோ என்ற குழந்தை மருத்துவர் இதை விவரித்ததால் மோரோ அனிச்சை என்று பெயர். நரம்பு மண்டலம் நன்றாக இருப்பதற்கு இது அடையாளம், அதனால்தான் மருத்துவர் இதைச் செய்து பார்க்கிறார். நான்கைந்து மாதத்தில் போய்விடும். ஒரு பக்கக் கை மட்டும் விரிந்தால் காட்ட வேண்டும்.

தும்மல் சளி அல்ல, மூக்கைச் சுத்தம் செய்துகொள்கிறது. விக்கலுக்குத் தண்ணீர் தேவையில்லை. தூக்கத்தில் வேகமாக மூச்சு விட்டு, சில நொடி நிறுத்தி, மறுபடி தொடங்கும். பத்து நொடிக்குள் என்றால் அதுவும் இயல்பு. இருபது நொடி நின்றாலோ, உதடு நீலமானாலோ உடனே கிளம்புங்கள்.

மார்பு வீங்கியிருக்கிறது, பெண் பிள்ளைக்கு லேசாக ரத்தம்கூடப் பட்டது!

கேட்கும்போதே குரல் நடுங்கும். வயிற்றுக்குள் இருக்கும்போது அம்மாவின் ஹார்மோன் பிள்ளைக்கும் போயிருக்கும். அதனால் ஆண், பெண் இருவருக்குமே முதல் சில வாரம் மார்பு வீங்கலாம், ஒரு சொட்டுப் பால்கூட வரலாம். பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் வெள்ளைப்படுதலோ சிறிது ரத்தமோ வரலாம். தானாகச் சரியாகும். மார்பைப் பிதுக்கி எடுக்கும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. பிதுக்கினால் சீழ் பிடிக்கும், யாரையும் தொட விடாதீர்கள்.

குடித்ததையெல்லாம் கக்கிவிடுகிறது.

"கக்குற பிள்ளை தக்கும்" என்று பெரியவர்கள் சொன்னது சரிதான். எடை ஏறிக்கொண்டிருந்தால் கவலையில்லை. பால் கொடுத்ததும் தோளில் போட்டு ஏப்பம் விட வையுங்கள். பீய்ச்சி அடிக்கும்படி ஒவ்வொரு வேளையும் வாந்தி எடுத்தாலோ, பச்சையாக வாந்தி வந்தாலோ அது வேறு. பச்சை வாந்திக்கு விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

மஞ்சள் காமாலை என்கிறார்கள். இளவெயிலில் காட்டினால் போதுமா?

போதாது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று நாளில் மஞ்சள் தொடங்கி, இரண்டு வாரத்தில் மறையும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் வந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினாலோ, பிள்ளை குடிக்காமல் சோர்ந்து தூங்கினாலோ ரத்தப் பரிசோதனை உடனே தேவை. அளவு மிஞ்சினால் மூளையைத் தாக்கும்.

வெயில் வைத்தியத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1956இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற செவிலியர் குழந்தைகளை வெயிலில் கொண்டுபோனபோது, வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் வெளிறியதைக் கவனித்துச் சொன்னார். அதிலிருந்துதான் இன்றைய நீல விளக்குச் சிகிச்சை வளர்ந்தது. அந்த விளக்கு தேவையான ஒளியை அளவோடு தருகிறது. வாசலில் கால் மணி நேரம் வைத்திருப்பது அதற்கு ஈடாகாது. பாலை மட்டும் அடிக்கடி கொடுங்கள், மஞ்சள் மலத்தோடுதான் வெளியேறும்.

இரண்டு மாதப் பிள்ளை மூன்று நாளாக மலம் கழிக்கவில்லை.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு ஆறு வாரத்துக்குப் பிறகு இது சகஜம். வயிறு மென்மையாக இருந்து, குடித்து விளையாடினால் விட்டுவிடுங்கள். வெற்றிலைக் காம்போ சோப்போ வைக்க வேண்டாம்.

காரணமே இல்லாமல் அழுகிறது. என்ன செய்தும் நிற்கவில்லை.

இரண்டு வாரத்திலிருந்து அழுகை கூடிக்கொண்டே போய், ஆறு வாரத்தில் உச்சத்துக்கு வந்து, மூன்று நான்கு மாதத்தில் தணியும். இந்தக் கணக்கு தெரிந்தால் "நான் என்ன தப்புச் செய்தேன்" என்ற எண்ணம் கொஞ்சம் குறையும். பசி, ஈரத்துணி, வியர்வை, உடம்பைக் குத்தும் ஜரிகைச் சட்டை, விரலில் சுற்றிய தலைமுடி எல்லாம் பார்த்தாகிவிட்டதா? அப்புறம் தோளில் போட்டு நடங்கள், தாலாட்டுங்கள், அறை விளக்கை அணையுங்கள். தூளியில் போட்டால் முகவாய் நெஞ்சில் இடிக்காமல் இருக்கிறதா, முகம் வெளியே தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். படுக்கையில் மல்லாந்துதான் தூங்க வேண்டும், தலையணை வேண்டாம்.

கோபம் தலைக்கேறினால் பிள்ளையைப் பாயில் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் வெளியே போய் நில்லுங்கள். எந்த நிலையிலும் குலுக்கக் கூடாது. மூளைக்குள் ரத்தக் கசிவு வரும்.

பிள்ளை தூங்கினாலும் எனக்கு அழுகை வருகிறது. யாரிடமும் சொல்ல முடியவில்லை.

இங்கே சொன்னது நல்லது. பிரசவம் ஆன முதல் வாரத்தில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்த அழுகை வரும், இரண்டு வாரத்துக்குள் தானாக விலகும். அதற்கு மேலும் நீடித்தால், பிள்ளைமேல் ஒட்டுதலே வரவில்லையென்றால், தூங்க வாய்ப்பிருந்தும் தூக்கம் வரவில்லையென்றால், அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு. பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் உண்டு. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, கட்டணமில்லை, தமிழில் பேசலாம். உங்களுக்கோ பிள்ளைக்கோ தீங்கு செய்யத் தோன்றினால் பக்கத்தில் இருப்பவரிடம் இப்போதே சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

எனக்குக் காய்ச்சல், சளி. பால் கொடுக்கலாமா?

கொடுங்கள். உங்கள் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புச் சக்தி பாலில் பிள்ளைக்கும் போகிறது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, கையைக் கழுவிவிட்டுக் கொடுங்கள்.

வேலைக்குத் திரும்ப வேண்டும். பால் எடுத்து வைத்தால் எவ்வளவு நேரம் இருக்கும்?

25 டிகிரி வெப்பத்தில் நான்கு மணி நேரம். நம் ஊர் மே மாதத்து அறையில் அவ்வளவு நேரம் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் நான்கு நாள் வரை வைக்கலாம் என்பது கணக்கு. வீட்டு ஃபிரிட்ஜின் கதவு அடிக்கடி திறக்கும், கரண்டும் போகும், அதனால் ஒரு நாளுக்குள் கொடுத்துவிடுவது நல்லது. கதவில் வைக்காமல் உள்ளே பின்பக்கம் வையுங்கள். அடுப்பில் காய்ச்சக் கூடாது, வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துக் குளிர் போக்கிப் பாலாடையில் (பிள்ளைக்குப் பால் புகட்டும் சிறு கிண்ணம்) கொடுங்கள்.

மகப்பேறு விடுப்புச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தத்திலிருந்து முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும். வெளியூர்ப் பயணத்தில், 2015இல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் தொடங்கிய பாலூட்டும் அறையைக் கேட்டுப் பயன்படுத்துங்கள். பூட்டியிருந்தால் சாவி கேட்கத் தயங்க வேண்டாம்.

எப்போது உடனே மருத்துவமனை?

மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தாலோ, உடம்பு சில்லிட்டுப் போனாலோ, குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் எழவில்லையென்றாலோ, நெஞ்சு குழிவிழ மூச்சு வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, எட்டு மணி நேரம் சிறுநீர் போகவில்லையென்றாலோ. வாகனம் இல்லையென்றால் 108.

ஏற்கனவே பவுடர் பால் ஆரம்பித்துவிட்டோம். திரும்ப முடியுமா?

பெரும்பாலும் முடியும், அதுவும் முதல் இரண்டு மாதத்துக்குள் என்றால் இன்னும் எளிது. பவுடரை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு வேளையும் முதலில் இரண்டு மார்பிலும் போடுங்கள், ராத்திரியில் கட்டாயம். பாட்டிலுக்குப் பதில் பாலாடைக்கு மாறுங்கள். பாலூட்டுதலில் பயிற்சி பெற்ற செவிலியரிடமோ மருத்துவரிடமோ பிடிக்கும் விதத்தைக் காட்டி, வாரம் ஒரு தடவை எடை பார்த்துக்கொண்டே பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

உண்மையிலேயே சுரப்புக் குறைவான அம்மாக்களும் இருக்கிறார்கள். தைராய்டு, முன்பு நடந்த மார்பக அறுவை சிகிச்சை, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு எல்லாம் காரணமாகலாம். அவர்களுடைய பிள்ளைக்குப் பவுடர் தேவைதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த முடிவு எடையைப் பார்த்து மருத்துவர் எடுப்பதாக இருக்கட்டும். பவுடர் பாலுக்கு விளம்பரம் செய்வதும் இலவச டப்பா கொடுப்பதும் இந்தியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், யாராவது கையில் திணித்தால் வாங்காதீர்கள். கொடுக்க வேண்டியிருந்தால், கொதிக்க வைத்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் டப்பாவில் சொன்ன அளவில் கலந்து, பிறகு ஆற வைத்துக் கொடுங்கள். டப்பா நிறைய நாள் வரட்டும் என்று தண்ணீரைக் கூட்டாதீர்கள், குடித்து மீந்ததை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்காதீர்கள்.